அக்கா மேடையேறிய மத்தியானம்

பவுடர் உருகிக் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் கட்டியிருந்த சவுரிமுடி கொதித்தது. உச்சி வெயில். தோட்டத்துப் பந்துத் திடலில் எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, மேலே பலகை அடுக்கி, லாரிப் படுதாவை விரித்திருந்தார்கள். அதுதான் எங்கள் மேடை. அதன் நடுவில் நான் முட்டி போட்டு உட்கார்ந்து, வயிற்றில் அடித்துக்கொண்டு, "என் புள்ளைக்குப் பசிக்குதே" என்று அழுதுகொண்டிருந்தேன்.

நான் ஆம்பளைதான் ஐயா, சந்தேகம் வேண்டாம். எங்கள் தோட்டத்து நாடகங்களில் பொம்பளை வேஷம் எல்லாம் எனக்குத்தான் வரும். போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய, ராஜாவின் மீசை பாயசத்தில் விழுந்த கதையைப் படித்துவிட்டு, கோலப்பிலாவிலிருந்து ஒரு வாசகி, "நீங்கள் எப்போது வேஷம் கட்டுவீர்கள்?" என்று கேட்டிருந்தார். இதோ கட்டிவிட்டேன் அம்மா. ஆனால் இந்த வாரம் சிரிக்க வைப்பேனா என்று தெரியவில்லை.

எனக்கு எதிரே குப்புசாமி நின்றான். கோடாங்கி வேஷம். நெற்றி முழுக்கத் திருநீறு, கையில் வேப்பிலைக் கொத்து. "எறங்கு! இந்தப் பொண்ண விட்டு எறங்கு!" என்று உறுமி என் தோளில் ஓங்கி அடித்தான். உண்மையாகவே வலித்தது.

"போடு லா! இன்னும் ரெண்டு போடு! அப்பத்தான் முனி எறங்கும்!" என்று கூட்டம் கத்தியது.

ராத்திரி நாடகத்தில் இது ஒன்றும் தெரியாது. கேஸ் விளக்கு நம் முகத்தில் அடிக்கும். கூட்டம் இருட்டில் கிடக்கும். பட்டப்பகலில் நாடகம் போட்டால் நடிக்கிறவனுக்கு அத்தனை முகமும் தெரிந்து தொலைக்கும். எனக்குத் தெரிந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்குப் புத்தி வரட்டும் என்று இந்த நாடகத்தைப் போட்டோமோ, அவர்களே அடிக்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

அப்போதுதான் கடைசி வரிசையில் என் அக்கா பாக்கியம் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். நான் அழுதுகொண்டிருந்த அழுகை அவளுடைய அழுகை. அவளை வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கம்பிக்கு இந்தப் பக்கம்

எங்கள் ரப்பர் தோட்டம் தம்பினுக்கும் கெமாசுக்கும் நடுவில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்று சிரம்பானிலும் நீலாயிலும் நல்லபடியாக இருக்கிறார்கள். என் கதையால் யாருக்கும் தலைவலி வர வேண்டாம்.

அது மலாயாவில் அவசரகாலம், வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட காலம். காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை எல்லாம் ஒன்றாக வளைத்து முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அரிசி தலைக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைக்கும். காலையில் பெரட்டு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது, முடிந்ததும் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். மடி, முந்தானை, தலைக்கட்டு, பால்வாளி எல்லாம் தடவிப் பார்த்துத்தான் ரப்பர் மரம் வெட்ட, பட்டையைக் கீறிப் பால் எடுக்க, வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி அகப்பட்டாலும் போச்சு.

பெண்களைச் சோதனை போட நம் லயத்திலிருந்தே ஒருத்தியை வைத்திருந்தார்கள். மாரியாயி. கை இரும்பு, வாய் அதைவிட இரும்பு. சோதனை முடிந்ததும் அவளும் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போவாள். "என்னயத் திட்டாதீங்கடி. நான் தடவலன்னா வேற எவனாச்சும் தடவுவான், பரவால்லயா?" என்பாள்.

வேலி வந்து எல்லோருக்கும் கஷ்டம்தான். என் அக்காவுக்கு அது வேறு மாதிரி.

குமாரு கேட்ட சோறு

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஜப்பான்காரன் காலம். மாமாவை, அதாவது அக்கா புருஷனை, சயாமில் ரயில் ரோடு போட லாரியில் ஏற்றிப் போனார்கள். குப்புசாமியும் அதே லாரியில்தான் போனான். குப்புசாமி எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். மாமா வரவில்லை.

அந்த நாளில் தோட்டத்தில் அரிசி என்பது பேச்சில்தான் இருந்தது. காலையில் மரவள்ளிக் கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு, ராத்திரிக்கு அதன் தோல். இப்போது என் பேத்தி கிழங்கைச் சீவிப் பொரித்து, பாக்கெட்டில் போட்டு விற்கிறதை வாங்கித் தின்கிறாள். எனக்கு அதன் வாசம் பட்டாலே வயிற்றைப் பிரட்டும்.

அக்காவின் மகன் குமாருக்கு அப்போதுதான் பேச்சு நன்றாக வந்திருந்தது. காய்ச்சலில் கிடந்தவன் கிழங்கைத் துப்பிவிட்டு, "சோறு குடும்மா" என்றான். அக்கா, "நாளைக்கி ஆக்கித் தர்றேன் சாமி. இப்பத் தூங்கு" என்றாள். அவன் சொன்ன பேச்சைக் கேட்டுத் தூங்கினான். காலையில் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் நம்பர் ரப்பர் காட்டோரத்தில், ஒரு பால்மரத்தடியில் அவனைப் புதைத்தோம். சண்டை முடிந்து அரிசி வந்ததும், தினமும் சாயந்தரம் அக்கா ஒரு பிடி சோறு கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வருவாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. பெத்த மனம் பித்து என்று விட்டுவிட்டார்கள். அவளும் மற்ற நேரத்தில் சிரிப்பாள், சண்டை போடுவாள். நாடகம் வந்தால் எனக்குச் சேலை கட்டிவிடுவதும் சவுரி பின்னுவதும் அவள்தான். "காலை அகட்டி நிக்காதடா கழுத, பொம்பள அப்பிடியா நிப்பா?" என்று முட்டியில் தட்டுவாள்.

வேலி வந்ததும் குமாரு வெளியே போய்விட்டான். சாயந்தரம் கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

அதிலிருந்துதான் அவள் தூக்கம் போனது. கம்பியோரம் போய் நின்றுகொள்வாள். "கூப்புடறான் பரமு, ஒனக்குக் கேக்கல?" என்பாள். எனக்குக் கேட்காது. தன் பங்குச் சோற்றைச் சாப்பிடாமல் அரிசியாகவே ஒளித்து வைத்தாள். தலையணைக்குள், கூரையின் அத்தாப்பு ஓலைக்குள், பாய்க்கு அடியில் எங்கும் அரிசி. கன்னம் ஒட்டிப்போனது. குளிக்கச் சொன்னால் குளிப்பாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள். ஆள்தான் அங்கே இல்லை.

முனி அடித்துவிட்டது என்றார்கள். ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்து எலுமிச்சம்பழம் அறுத்து, வேப்பிலையால் அடித்தார்கள். அவள் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். முதுகெல்லாம் கீறல். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வயதானால் கோபம் போகும் என்று எவன் சொன்னானோ, அவனுக்கு வயதே ஆகியிருக்காது.

ஒரு நாள் கேட்டில் மாரியாயியின் கையில் அகப்பட்டாள். முந்தானை முடிச்சில் ஒரு பிடி அரிசி.

போலீஸ் லாரியில் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். "செத்த புள்ளைக்குச் சோறு வைக்கத்தான் சார் கொண்டுபோச்சு" என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன். யார் நம்புவார்கள்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் அந்தோணி ஐயா வந்து, "இது நோயாளி. என் பொறுப்பு" என்று சொல்லி அந்தத் தடவை மீட்டு வந்தார். ஆனால் தண்டனை முழு லயத்துக்கும் விழுந்தது. எல்லோருக்கும் அரிசியைக் குறைத்துவிட்டார்கள். பிள்ளைகள் பசியில் அழுகிறபோது எந்தத் தாய்க்குப் பொறுமை இருக்கும்? "பாக்கியத்த அனுப்பிடுங்க" என்று லயத்து ஆட்களே தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போய்ச் சொன்னார்கள்.

பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டார். "தொரை சொல்லிட்டாரு. கோயில் திருவிழா முடிஞ்ச மறுநாள் லாரி வரும். வடக்கே பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க."

"நான் பாத்துக்கிறேன் சார்."

"நீ தம்பி. ஒன் பேச்சு செல்லாது. லயத்துல வேற யாராச்சும் பொறுப்பு ஏத்துக்கிட்டா அவ இருக்கலாம். ஏத்துப்பாங்களா?"

வடக்கே போன ஒருத்தரும் அதுவரை எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

இருமல் மருந்து

அந்தோணி ஐயா நல்ல மனிதர். திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் மரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்து, நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"மலேரியா வந்தா ஒடம்பு நடுங்குது. நாம அடிக்கிறோமா? போர்வை போத்துறோம். பாக்கியத்துக்கு மனசு நடுங்குது. அதுக்கும் ஓய்வு வேணும், தூக்கம் வேணும், பக்கத்துல ஆள் வேணும். இது முனி இல்ல. நோய்."

எல்லோரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். முடிந்ததும் ஒருத்தர் எழுந்து, "ஐயா, இருமலுக்கு அந்தச் சிவப்பு மருந்து இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான். போகிற வழியில், "வேதக்காரரு, அவருக்கு நம்ம முனியப் பத்தி என்னா தெரியும்?" என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அந்தோணி ஐயா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பரமசிவம், என் பேச்சக் கேக்க மாட்டாங்க. ஒங்க கூத்துன்னா வாயப் பொளந்துக்கிட்டு பாப்பாங்க. நீங்க போட்டுக் காட்டுங்களேன்."

குப்புசாமிதான் எங்கள் நாடகக் குழுவுக்குத் தலைவன். பபூன் வேஷத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மேடைக்கு வந்து மூக்கைச் சொறிந்தாலே திடல் சிரிக்கும். அவனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பால்மரத்தில் சாய்ந்து, காய்ந்த பால் ஒட்டிய விரலை உரித்துக்கொண்டே இருந்தான்.

"நானும்தான் லா தூங்கல" என்றான். "சயாமுலேர்ந்து வந்த நாளா. கண்ண மூடுனா ஒங்க மாமா தண்ணி கேக்குறான். நான் கோமாளியாடி ஊரச் சிரிக்க வக்கிறேன். ஒங்கக்கா அரிசிய ஒளிக்குது. ரெண்டும் ஒன்னுதான்டா. என்னய மட்டும் நல்லவன்னு சொல்றானுங்க."

அதுவரை அவன் சயாமைப் பற்றி வாயே திறந்ததில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அவனுக்கு வந்திருந்தது. அதனால் தெரிந்தது.

நாடகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். கிராணி கதையைக் கேட்டார். எங்களிடம் எழுதின கதை ஏது? மேடையில் வாய்க்கு வந்ததுதான் வசனம். குப்புசாமி கண்ணை இமைக்காமல், "அரிசி கடத்துற ஒரு பொம்பளைக்குப் புத்தி வருது சார். கடைசியில எல்லாரும் கம்பிக்கு உள்ள நிம்மதியா இருக்காங்க" என்று அடித்துவிட்டான். துரைக்கு ஒரே சந்தோஷம். லாரிப் படுதா அவர் கொடுத்ததுதான். ஊரடங்குக்கு முன்னால் முடிக்க வேண்டும், அதனால் திருவிழாவன்று பகலிலேயே போட வேண்டும் என்பது மட்டும் கட்டளை.

நாங்கள் முடிவு செய்தது இதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி. கோடாங்கி அடிக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டிரசர் வருகிறார், விளக்கிச் சொல்கிறார், ஊருக்குப் புத்தி வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. குப்புசாமி அடிக்கிற அழகில் ஊர் சொக்கிப்போகும், டிரசர் வருகிற வரைக்கும் யாரும் பொறுக்க மாட்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்பளிப்பு

இளசுகளுக்காக ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துத் தோட்ட நாடகத்தில் நடிப்பு பிடித்துப்போனால், ஆட்டத்தின் நடுவிலேயே யாராவது மேடையேறித் துண்டோ மாலையோ சோடா பாட்டிலோ கொடுப்பார்கள். அதற்கு அன்பளிப்பு என்று பெயர். உடனே நாடகம் நிற்கும். கொடுத்தவர் பெயரை உரக்கச் சொல்லி நன்றி கூற வேண்டும். ஒரு தடவை கத்திக்குத்துப் பட்டுச் சாகிற ராஜா எழுந்து வந்து சோடாவைக் குடித்து, கும்பிடு போட்டுவிட்டு, திரும்பப் போய் விட்ட இடத்திலிருந்து செத்தார்.

அன்பளிப்பு கொடுக்க வருகிறவரை யாரும் தடுக்கக் கூடாது. அது வழக்கம்.

அதனால்தான் அக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்து வந்தபோது ஒருத்தரும் தடுக்கவில்லை. வழி விட்டார்கள். சிலர் சிரித்தார்கள். "பைத்தியம் அன்பளிப்பு குடுக்கப் போவுது லா!"

முன்வரிசையில் துரைக்கும் கிராணிக்கும் நாற்காலி. அவர்களுக்குப் பக்கத்தில் தரையில் மாரியாயி. அக்கா அவர்களைத் தாண்டிப் பலகையில் ஏறினாள்.

குப்புசாமிக்குப் பழக்க தோஷம். வேப்பிலையைக் கையில் வைத்தபடியே கூட்டத்தைப் பார்த்து, "இப்பொழுது நமது பரமசிவத்தின் நடிப்பைப் பாராட்டி, ரெண்டாவது லயம் பாக்கியம் அவர்கள்…" என்று ஆரம்பித்துவிட்டான். ஆரம்பித்த பிறகுதான் அவளிடம் துண்டும் இல்லை, மாலையும் இல்லை என்று பார்த்தான்.

அவள் என் எதிரில் குந்தினாள். முதலில் என் முந்தானையைப் பார்த்தாள். நானே கட்டியது, தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. அதை இழுத்துச் சரி பண்ணி இடுப்பில் செருகிவிட்டாள். எத்தனையோ நாடகத்துக்குச் செய்த அதே கை. அப்புறம் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த அரிசியை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

"அழுவாத" என்றாள். "அடிக்கிறாங்களா? அடிச்சாப் பசி போவாது. என்னயும் அடிச்சுப் பாத்தாங்க."

நான் நாடகத்தை மறந்துவிட்டேன். "அக்கா, வீட்டுக்குப் போலாம் வா" என்றேன்.

அவள் குப்புசாமியை நிமிர்ந்து பார்த்தாள். "எம்மேல யாரும் ஏறல குப்புசாமி. எம்புள்ள கம்பிக்கு அந்தாண்ட தனியா இருக்கான். நாளைக்கிச் சோறு தர்றேன்னு சொல்லித் தூங்க வச்சேன். தரவே இல்ல. அவன் கேக்குறான். நான் என்னா பண்ணட்டும்? நீயே சொல்லு."

குப்புசாமி வேப்பிலையைக் கீழே போட்டான். தொடங்கிய அறிவிப்பை முடித்தான். "பாக்கியம் அவர்கள்… ஒரு பிடி அரிசி… அன்பளிப்பு."

முடித்துவிட்டு அங்கேயே நின்றான். "எனக்கும் கூப்புடறாங்க" என்றான், கூட்டத்தைப் பார்த்து. "சயாமுல செத்தவனுங்க. இவ புருசனும்தான். தண்ணி கேக்குறானுங்க. நான் தூங்கி வருசக்கணக்கா ஆச்சு. ஒங்களச் சிரிக்க வக்கிறேன்ல, அதுனால யாருக்கும் தெரியல. என்னயும் அந்த லாரில ஏத்துவீங்களா? ஏத்துறதுன்னா ஏத்துங்க லா!"

திருநீறு கண்ணீரில் கரைந்து மோவாயில் வழிந்தது. அப்படி ஒரு பபூனை எங்கள் ஊர் பார்த்ததில்லை. சிரிக்க வாயைத் திறந்தவர்களும் மூடிக்கொண்டார்கள். கூட்டத்தில் இருந்த சயாம் போய் வந்தவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். ஒரு கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பகல் வெளிச்சம் ஐயா, எதையும் மறைக்க முடியவில்லை.

மாரியாயி எழுந்தாள்.

அரிசி என் கையில். கிராணி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் மேடையேறி நேராக வந்து, என் கையிலிருந்த அரிசியை வழித்து எடுத்தாள். ஒரு மணி கீழே விழுந்தது. குனிந்து அதையும் பொறுக்கினாள். பிறகு அக்காவின் முந்தானையை இழுத்து, அரிசியை அதிலேயே போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"கிராணி ஐயா, இது வேலிக்கு உள்ள இருக்கிற அரிசி. இதுக்குச் சட்டம் கிடையாது" என்றாள். அப்புறம் அக்காவின் தோளைப் பிடித்தாள். "நானும் ரெண்டு புள்ளைக்குக் குழி தோண்டுனவதான்டி, ஜப்பான்காரன் காலத்துல. எனக்கு ஏன் மறந்து போச்சு?"

அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உடனே அதை ஒட்டவைத்துக்கொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பாக்கியத்துக்கு நான் பொறுப்பு. எவளுக்காச்சும் பேச்சு இருந்தா இப்பவே பேசுங்க. நாளைக்கி கேட்டுல வந்து மொணமொணக்கக் கூடாது."

அக்காவை அனுப்பச் சொல்லி முதலில் கிராணியிடம் போனவளே, "நானும் பாத்துக்கிறேன்" என்றாள். அவளைத் தொட்டு இன்னொருத்தி.

துரைக்குத் தமிழ் அரைகுறை. கிராணியின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். கிராணி என்ன சொன்னாரோ தெரியாது. துரை எழுந்து நின்று கை தட்டினார். நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். டிரசர் வேஷம் போட்டவன் படுதாவுக்குப் பின்னால் கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு கடைசி வரை காத்திருந்தான், பாவம். அவன் வசனத்தை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

லாரி வராத காலை

லாரி வரவில்லை. ஆனால் அக்கா கம்பியோரம் நிற்பது நிற்கவில்லை. மறுநாள் கேட்டில் மாரியாயி அவள் முடிச்சைத் தடவி அவிழ்த்து, "இது எங்கிட்ட இருக்கட்டும். சாயந்தரம் வாங்கிக்க" என்றாள். அக்கா அழவில்லை. "அவன் கேப்பானே" என்றாள்.

அந்த வார்த்தை மாரியாயியை விடவில்லை. அன்றைக்குக் காட்டில் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பரமு, அரிசி வெளிய போகக் கூடாதுன்னுதான சட்டம்? மண்ணு உள்ள வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"என்னா சொல்றீங்க?"

"நம்ம ஆளுங்க ஊர்லேர்ந்து கப்பல் ஏறுனப்ப மாரியாத்தாளயே ஒரு பிடிமண்ணாத்தான முந்தானையில முடிஞ்சிக்கிட்டு வந்தாங்க. அந்த மண்ணுலதான நம்ம கோயில் நிக்கிது? ஆத்தாளே அப்பிடி வந்தா, ஒரு சின்னப் புள்ள வர மாட்டானா?"

அந்தோணி ஐயாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்கிட்ட தூங்குறதுக்கு மருந்து இருக்கு. இதுக்கு மருந்து இல்ல. செய்யுங்க" என்றார்.

அக்கா முழுசாகக் குணமாகிவிட்டாள் என்று சினிமாக்காரன் மாதிரி முடிக்க மாட்டேன். குணமாகவில்லை. அதற்குப் பிறகும் மழைக்காலத்தில் நாள்கணக்கில் பேசாமல் கிடப்பாள். அப்போது லயத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார்கள். சும்மாதான் உட்காருவார்கள், சிலர் பேன் பார்ப்பார்கள். குப்புசாமியும் வருவான். வாசலில் குந்திக்கொண்டு, சயாம் கதையை அவளிடம் மட்டும் மெல்ல மெல்லச் சொன்னான். அவன் எப்போது தூங்க ஆரம்பித்தான் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் எங்கள் வாசலிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், அக்கா விசிறிக்கொண்டிருந்தாள். முனி என்ற பேச்சை யாரும் அதற்கப்புறம் எடுக்கவில்லை. யாராவது எடுத்தால் மாரியாயி இருந்தாள்.

நாடகம் நடந்த அந்த வாரத்திலேயே ஒரு நாள், வேலை முடிந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நம்பர் காட்டோரம் அக்காவை மண்டியிட வைத்து, அவள் கையாலேயே ஒரு பிடி மண் எடுக்கச் சொன்னாள் மாரியாயி. "வாடா குமாரு, வூட்டுக்குப் போலாம்னு கூப்புடுடி" என்றாள். அக்கா கூப்பிட்டாள். பால் வடிக்கிற மங்கில் அந்த மண்ணைப் போட்டு, மேலே ஒரு வேப்பிலை வைத்து, மாரியாயி அதைத் தலையில் சுமந்து நடந்தாள். பின்னால் நாங்கள் எல்லோரும்.

கேட்டில் காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையன் துப்பாக்கியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "அபா இத்து?" என்று கேட்டான். என்ன அது என்கிறான்.

"தானா" என்றாள் மாரியாயி. மண்.

அவன் எட்டிப் பார்த்தான். எங்கள் முகங்களையும் பார்த்தான். ஒதுங்கி வழிவிட்டான்.

ரெண்டாவது லயத்துக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில் குழி பறித்து அந்த மண்ணைப் போட்டு மூடினோம். காலையில் கேட்டில் வாங்கி வைத்திருந்த அக்காவின் அரிசியை மாரியாயி எடுத்துக் கொடுத்தாள். அக்கா உலை வைத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. வெந்ததும் ஒரு பிடி எடுத்து, ஊதி ஊதி ஆற்றி, மரத்தடியில் இலை போட்டு வைத்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் எழுந்து உள்ளே வந்தாள். ரெண்டு தட்டு எடுத்து, மிச்சச் சோற்றை அதில் போட்டாள். ஒன்றை என் முன்னால் நகர்த்தினாள். மற்றொன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேலி போட்ட நாளிலிருந்து அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

"சாப்புடு பரமு" என்றாள். "குமாரு சாப்புட்டுட்டான்."